நூலில் திரிக்கும் லீடர்

ஃப்ளை ஃபிஷிங்கில் தூரத்துக்குப் போவது லைனின் எடைதான். இறகும் நூலும் கொண்டு பூச்சி போலக் கட்டிய சிறு தூண்டில்முள்ளுக்கு, அதாவது ஃப்ளைக்கு, எடை என்று சொல்ல ஒன்றும் இல்லை. முன்னும் பின்னும் வீசப்படும் தடித்த லைன் காற்றில் விரிந்து செல்லும்போது அதன் நுனியைத் தொற்றிக்கொண்டு முள்ளும் போய்ச் சேர்கிறது. ஆனால் அந்த லைனிலேயே முள்ளைக் கட்டிவிட முடியாது. தெளிந்த ஆற்றில் ட்ரவுட் மீன் லைனைக் கண்டதுமே ஒதுங்கிவிடும். லைன் தண்ணீரில் விழும் அதிர்வும் அதை விரட்டிவிடும். எனவே இரண்டுக்கும் இடையே, லைன் பக்கம் பருமனாகத் தொடங்கி முள் பக்கம் மெல்ல ஒடுங்கிச் செல்லும் ஓர் இணைப்பு வேண்டியிருக்கிறது. அதற்கு லீடர் என்று பெயர். லைனில் ஓடிவரும் விசையை வாங்கி, வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து, கடைசியில் முள் தண்ணீர்மேல் மெதுவாக இறங்கும்படி விரிந்துகொடுப்பதே அதன் வேலை. கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஒற்றை நைலான் இழையை ஒடுக்கிச் செய்தவை; 9 அடி நீளம் வழக்கமானது. நான் இங்கே எழுதப்போவது, பல மெல்லிய நூலிழைகளை முறுக்கித் திரித்துச் செய்யும் ஃபர்ல்டு லீடரைப் பற்றி. அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பதோடு, வீட்டில் கவனமாகச் செய்தால் நன்றாகவும் செய்யலாம்.

தென் ஒன்ராறியோவின் பெரும்பாலான ஆறுகளில் ட்ரவுட் பருவம் ஏப்ரல் மாதத்தின் நான்காம் சனிக்கிழமை தொடங்குகிறது. நான் அதிகம் போவது ஃபெர்கஸ், எலோரா ஊர்களை ஒட்டி ஓடும் கிறாண்ட் ஆற்றுக்கு. 1942இல் கட்டி முடிக்கப்பட்ட ஷாண்ட் அணையின் அடிமட்டத்திலிருந்து குளிர்ந்த நீர் திறந்துவிடப்படுவதால் கோடையிலும் அந்தப் பகுதி ட்ரவுட்டுக்கு ஏற்றதாக இருக்கிறது. 1989 முதல் அங்கே பழுப்பு ட்ரவுட் குஞ்சுகளை விட்டுவருகிறார்கள். கோடையில் நன்மையாக இருக்கும் அந்தக் குளிர் வசந்தத்தின் தொடக்கத்தில் நைலான் லீடருக்குத் தொல்லையாகிவிடுகிறது. உறைக்குள் மாதக்கணக்கில் சுருண்டு கிடந்த நைலான், குளிர்ந்த நீரில் விறைத்து, எவ்வளவு இழுத்து நீவினாலும் அந்தச் சுருளை மறக்க மறுக்கும். சுருள் சுருளாக மிதக்கும் லீடர் ஃப்ளையை ஓட்டத்தோடு இயல்பாகப் போகவிடாது. மீன் கவ்வும்போது தடியை உயர்த்தினால் சுருள் நிமிர்வதற்கே அந்த நொடி செலவாகிவிடும். முறுக்கு லீடருக்கு இந்தக் குறை கிடையாது. மெல்லிய நூலிழைகளுக்குத் தனித்தனியே விறைப்பு மிகக் குறைவு. அவற்றைத் திரித்துச் செய்த லீடர் டப்பாவிலிருந்து எடுத்ததும் தொங்கவிட்ட நிலையிலேயே நேராக நிற்கும். பனிக்காலத்தில் ரொறன்ரோவில் ஆற்றுப்பக்கம் போக வழியில்லாத மாலைகளில் பேஸ்மென்டில் இருந்தபடி செய்துகொள்ள இதைவிட உருப்படியான வேலை எனக்குத் தெரியவில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த உத்தி என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் நைலான் வருவதற்கு வெகுகாலம் முன்பே தூண்டில் கயிற்றை முறுக்கித் திரித்துச் செய்தார்கள். இங்கிலாந்தில் 1496இல் அச்சான தூண்டில் பற்றிய புத்தகம் ஒன்று, குதிரைவால் மயிரைச் சாயம் தோய்த்துத் திரிக்கும் முறையை விரிவாகச் சொல்லிவிட்டு, எந்த மீனுக்கு எத்தனை மயிர் என்ற கணக்கையும் தருகிறது: சின்னஞ்சிறு மின்னோவுக்கு ஒன்று, ட்ரவுட்டுக்கு ஒன்பது, சால்மனுக்குப் பதினைந்து. டவ் ஆற்றில் மீன்பிடித்த சார்லஸ் காட்டன் 1676இல் எழுதியபோது, முள்ளுக்கு அருகே இரண்டு மயிரில் தொடங்கி மூன்று, நான்கு எனக் கூட்டிக்கொண்டே மேலே ஏழு வரை போகச் சொன்னார். இழைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போய் ஒடுக்கத்தை உண்டாக்கும் அந்தக் கணக்கைத்தான் இன்று நாம் பலகையில் முளை அடித்துச் செய்கிறோம். இடையில் பட்டுப்புழுவின் சுரப்பியை இழுத்து நீட்டி எடுத்த ‘கட்’ என்ற இழை நெடுங்காலம் ஆண்டது. ஸ்பெயினின் முர்சியா வட்டாரம் அதற்குப் பேர்போனது. உலர்ந்த நிலையில் அது ஒடிந்துவிடும் என்பதால் மீன்பிடிக்கப் போகுமுன் ஊறவைத்துத்தான் பயன்படுத்தினார்கள். டுபாண்ட் நிறுவனம் 1938இல் நைலானை அறிவித்தது. அதன்பின் கட் மறைந்தது. திரித்த லீடரும் பெரும்பாலோருக்கு மறந்துபோனது.

ஊரில் தும்புக் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படையை விளக்க வேண்டியதில்லை. இரண்டு புரிகளைத் தனித்தனியே ஒரே திசையில் முறுக்கி, பிறகு அவற்றைச் சேர்த்துப் பிடித்து விட்டால், ஒவ்வொரு புரியும் தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ள முயலும். அந்த முயற்சியிலேயே இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்திசையில் சுற்றிக்கொள்ளும். புரி அவிழ விரும்பும் திசையும் கயிறு இறுக வேண்டிய திசையும் ஒன்றாக இருப்பதால், முடிச்சோ பசையோ இல்லாமல் கயிறு தானாகவே கட்டுண்டு நிற்கிறது. லீடரிலும் நடப்பது இதுவே. வேறுபாடு ஒன்றுதான்: கயிறு முழுக்க ஒரே பருமனாக இருக்கும், லீடர் ஒடுங்கிக்கொண்டே போக வேண்டும்.

நூலைப் பற்றிப் பலர் அளவுக்கு மீறி வாதிடுகிறார்கள். ஃப்ளை கட்டப் பயன்படும் யூனி நிறுவனத்தின் 6/0 அளவு பாலியஸ்டர் நூல் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. லைன்களின் எடையை எண்ணால் குறிப்பார்கள்; நான்கு, ஐந்து எடை லைன்களுக்கு அது பொருந்தும். மோனோ எனப்படும் மெல்லிய ஒற்றை நைலான் இழையிலும் திரிக்கலாம், ஃப்ளூரோகார்பனிலும் திரிக்கலாம். ஃப்ளூரோகார்பன் மூழ்கும் என்பதால் நீரின் மேற்பரப்பில் மிதக்கவிடும் ட்ரை ஃப்ளைக்கு அது உதவாது. மோனோவில் செய்தது நன்றாக இழுபடும். மரக்கிளையில் மாட்டியதை இழுத்து விடுவிக்கும்போது அது பின்னோக்கித் துள்ளி, பிரிக்கவே முடியாத சிக்கலாகத் திரும்பி வரும். நூலில் செய்தது அவ்வளவாக இழுபடாது. புதிதாகத் தொடங்குபவர் நூலில் தொடங்குவதே நல்லது. கைக்கு வழுக்காது, கண்ணுக்கும் தெரியும்.

பலகைக்கு எட்டு அடி நீளமும் ஆறு அங்குல அகலமும் உள்ள சாதாரண பைன் பலகை போதும். அதைப் பேஸ்மென்டின் படிக்கட்டுத் திருப்பத்தில் வளைத்துக் கீழே இறக்குவதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி என்று எங்கள் வீட்டில் ஒரு கருத்து உண்டு. பலகையின் நுனியில் நடுவாக ஒரு முளை. அதிலிருந்து 90 அங்குலம் தள்ளி அடியில் அக்கம்பக்கமாக இரண்டு முளைகள், இடப்புரிக்கு ஒன்று, வலப்புரிக்கு ஒன்று. அடிமுளையிலிருந்து அளந்தால், இடப்பக்கத்தில் 18, 38, 56, 72 அங்குலங்களிலும் வலப்பக்கத்தில் 27, 47, 64, 80 அங்குலங்களிலும் இடைமுளைகள் வரும். இரு பக்கத்து முளைகளையும் நேருக்கு நேர் வைக்காமல் விலக்கி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு இடைமுளையிலும் அந்தப் புரியில் இரண்டு இழைகள் குறைகின்றன. இரண்டு புரிகளும் ஒரே இடத்தில் மெலிந்தால் லீடரில் அங்கே நான்கு இழைகள் ஒரேயடியாகக் குறைந்து, வீசும்போது அந்த இடத்தில் மடங்கும். விலக்கி வைத்தால் அடியில் 22 இழைகளில் தொடங்கி 20, 18, 16 என்று இரண்டிரண்டாக இறங்கி நுனியில் 6 இழைகளில் முடியும். முளைகளைப் பசைபோட்டு ஒட்டிவிடாமல், துளையில் செருகி எடுக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். முறுக்கத் தொடங்குமுன் அவற்றை உருவியாக வேண்டும்.

நூலோட்டம் முழுவதும் ஒரே தொடர்ச்சியாக நடப்பது இந்த முறையின் அழகு. இட அடிமுளையில் நூலைக் கட்டி, முதல் இடைமுளைக்கும் அடிமுளைக்கும் இடையே 11 இழைகள் விழும்வரை போய்வர வேண்டும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதால் நூல் அடியில் நின்றுவிடாமல் இடைமுளையில் வந்து நிற்கும். அறுக்காமல் அங்கிருந்தே அடுத்த பகுதிக்குப் போகலாம். அடுத்தது 9 இழைகள், பிறகு 7, 5, கடைசியாக நுனிமுளை வரை 3. அங்கிருந்து வலப்புரிக்குத் திரும்பி 3, 5, 7, 9, 11 என்று ஏறி வல அடிமுளையில் கட்டி முடிக்க வேண்டும். நுனிமுளையில் 2 மில்லிமீட்டர் டிப்பெட் வளையம் (லீடருக்கும் முள்ளுக்கும் இடையே கட்டும் டிப்பெட் என்ற மெல்லிய இழைக்கானது) ஒன்றை முதலிலேயே மாட்டி, நூலை ஒவ்வொரு முறையும் அதன் வழியாகவே செலுத்தினால், பிறகு நுனியில் வளையம் கட்டும் வேலை மிச்சம். மொத்தம் 34 மீட்டர் அளவுக்கு நூல் செல்லும். 200 கெஜச் சுருள் ஒன்றில் ஐந்து லீடர் திரிக்கலாம்.

இடைமுளையில் இரண்டு பகுதிகளும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ள வேண்டும் என்பதில்தான் முழுக் கவனமும் இருக்க வேண்டும். முதற்பகுதியின் இழைகள் முளையைச் சுற்றி ஒரு கண்ணியாக நிற்கும். இரண்டாம் பகுதியின் நூல் அந்த முளைக்குத் திரும்பும்போது கண்ணியின் மேலாக உள்ளே வந்து, முளையைச் சுற்றி, கண்ணியின் கீழாக வெளியே போக வேண்டும். வெறுமனே மேலேயே சுற்றிக்கொண்டு போனால் பலகையில் பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே தோன்றும். முளையை உருவியதும் இரண்டு பகுதிகளும் தனித்தனியே கழன்று விழும். நூற்சுருளைப் பாபின் பிடியில் மாட்டிக்கொண்டு, குரோஷே ஊசியால் இழைக்கற்றையை ஒரு நெல்லளவு உயர்த்தி, அதன் அடியில் பாபினின் குழாயை நுழைப்பது எனக்கு எளிதாக இருக்கிறது. இழைகளின் இறுக்கம் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஓர் இழை மட்டும் தொய்ந்தால் அது முறுக்கில் சேராமல் வெளியே சிறு காதுபோலத் துருத்தி நிற்கும். வீசும்போது முள் மாட்டுவதும் தூசி சேர்வதும் அங்கேதான்.

அடுத்தது முறுக்கு. இணையத்தில் தேடினால் ‘இத்தனை சுற்று’ என்று துல்லியமான எண்கள் கிடைக்கும். அவற்றை நம்பி உட்கார்ந்து எண்ணுவது வீண் வேலை. ஒரே அளவு நூல் என்றாலும் மெழுகு பூசியது ஒருவிதமாகவும் பூசாதது ஒருவிதமாகவும் முறுக்கை ஏற்கும். இழைகளை இழுத்துக் கட்டிய இறுக்கமும் ஆளுக்கு ஆள் மாறும். எண்ணிக்கை சமமாக இருந்தும் முறுக்கு சமமாக இல்லாமல் போவது இதனால்தான். அளக்க வேண்டியது புரி எவ்வளவு குறுகியது என்பதை. முறுக்கு ஏற ஏறப் புரியின் நீளம் குறையும். அந்தக் குறைவு, புரிக்குள் எவ்வளவு முறுக்கு ஏறியிருக்கிறது என்பதை நேரடியாகச் சொல்லிவிடும். நான் 90 அங்குலப் புரியை 80 அங்குலத்துக்கு வரும்வரை முறுக்குகிறேன். பலகையில் நுனிமுளையிலிருந்து 80 அங்குலத்தில் பென்சிலால் ஒரு கோடு. இரண்டு புரிகளும் அதே கோட்டைத் தொட வேண்டும், அதே அளவு இழுவிசையில் தொட வேண்டும். இழுவிசை மாறாமலிருக்க, கைப்பிடியைச் சுழற்றும் பழைய கையால் இயக்கும் ட்ரில்லையே விரும்புகிறேன். மின்சார ட்ரில் வேகமானது. ஆனால் முறுக்கு ஏறும்போது கையில் தெரிய வேண்டிய எதிர்ப்பை அதன் இரைச்சலும் வேகமும் மறைத்துவிடுகின்றன.

செய்யும் ஒழுங்கு இது: இடப்புரியின் அடிக்கண்ணியை ட்ரில்லில் பொருத்திய கொக்கியில் மாற்றி, தளரவிடாமல் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்து இடைமுளைகளை உருவ வேண்டும். பிறகு வலஞ்சுழியாக முறுக்கி, கோட்டுக்கு வந்ததும் கண்ணியை ஓர் ஆணியில் மாட்டி நிறுத்த வேண்டும். வலப்புரியையும் அதே திசையில், அதே கோட்டுவரை முறுக்க வேண்டும். முறுக்கும்போது நுனிப்பகுதியைக் கவனித்தால் ஒன்று தெரியும். 3 இழைகள் மட்டுமே உள்ள நுனியில் நெருக்கமான முறுக்கும், 11 இழைகள் உள்ள அடியில் விரிந்த முறுக்கும் விழுந்திருக்கும். புரி முழுவதும் ஓடும் திருகுவிசை ஒன்றே. மெல்லிய பகுதி அதற்கு எளிதில் இணங்குகிறது, பருமனான பகுதி இணங்குவதில்லை. இதில் நாம் செய்ய வேண்டியது எதுவுமில்லை. நுனி நெருங்கித் திரிந்து உருண்டையாக அமைவது லீடருக்கு நல்லதே.

இரண்டு அடிக்கண்ணிகளையும் ஒரே கொக்கியில் மாட்டி, ட்ரில்லை இப்போது இடஞ்சுழியாகச் சுழற்றினால் புரிகள் ஒன்றையொன்று சுற்றத் தொடங்கும். புரிகள் ஒன்றோடொன்று படிந்து இடைவெளி மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். மீதியை லீடரே முடிவுசெய்யட்டும்: நுனி வளையத்தில் ஓர் அவுன்ஸ் ஈயக்குண்டைத் தொங்கவிட்டு, அடிக்கண்ணியைக் கூரையில் உள்ள கொக்கியில் மாட்டிவிட்டால், குண்டு ஒரு பக்கமாகச் சுழன்று, நின்று, கொஞ்சம் திரும்பிச் சுழன்று, மெல்ல மெல்ல அடங்கும். அடங்கிய அந்த நிலையில் புரிகளின் முறுக்கும் லீடரின் எதிர்முறுக்கும் சமமாகிவிட்டன என்று பொருள். பிறகு ஒருமுறை நன்றாக இழுத்து விட்டு மீண்டும் தொங்கவிட்டால் போதும். என் பலகையில் 90 அங்குலத்தில் தொடங்கியது 76 அங்குலத்தில், அதாவது 6 அடி 4 அங்குலத்தில் வந்து முடிகிறது. இரண்டு புரிகளில் ஒன்றில் முறுக்கு குறைந்திருந்தால் அது இங்கே மறைக்க முடியாமல் வெளிப்படும். ஒரு புரி நேராகவே நிற்க, மற்றது அதைச் சுற்றி ஏறியிருக்கும். அப்படிப்பட்ட லீடர் எத்தனை முறை தொங்கவிட்டாலும் தளர்ந்த நிலையில் திருகிச் சுருளும். அதைப் பிரித்துச் சரிசெய்ய முயல்வதைவிட வேறொன்று திரிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

அடியில் கொக்கியில் இருந்த கண்ணியைக் கலையாமல் எடுத்து, அதன் கழுத்தில் அதே நூலால் கால் அங்குலத்துக்கு நெருக்கமாகச் சுற்றிக் கட்டி, நெகிழும் தன்மையுள்ள பசையை ஒரு துளி விட்டால் லைனின் கண்ணியோடு கோக்க ஆயத்தம். கெட்டியாக உறையும் சூப்பர் பசை வேண்டாம். அது நூலை விறைக்கச் செய்து, விறைப்பு முடியும் இடத்தில் ஒடிய வைக்கும்.

நூல் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் மிதக்க வேண்டிய லீடருக்கு மெழுகுப் பூச்சு கட்டாயம். மியூசிலின் போன்ற பசைமெழுகை விரல்களில் எடுத்து, அடியிலிருந்து நுனி நோக்கித் திரிப்பின் போக்கிலேயே நீவி, பிறகு துணியால் மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். வளையத்தில் மூன்று முதல் நான்கு அடி வரை 5எக்ஸ் டிப்பெட் கட்டினால் மொத்த நீளம் பத்தடிக்கு அருகே வரும். 5எக்ஸ் என்பது 0.006 அங்குலப் பருமன். பதினொன்றிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் ஆயிரத்தில் எத்தனை அங்குலம் என்பது கிடைக்கும். மே மாதத்தில் ஹென்ட்ரிக்சன் ஈக்கள் எழும்பும் பிற்பகல்களில், இருபது முப்பது அடித் தூரத்தில், கிறாண்டின் ஓட்ட விளிம்பில் இந்த லீடர் ஃப்ளையை இறக்கும் விதத்தைப் பார்த்த பின் நைலானுக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை. லைனின் மென்மையும் லீடரின் மென்மையும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், இணைப்பில் எங்கும் தடங்கல் இல்லாமல் விசை கடைசிவரை போகிறது.

ஆனாலும் எல்லாவற்றுக்கும் இது ஏற்றதென்று சொல்லமாட்டேன். பூச்சு தேய்ந்தபின் லீடர் நீரை ஏந்திக்கொள்ளும். தலைக்குமேல் வீசும்போது அந்த நீர் சிறு தூறலாகத் தெறித்து, அசைவற்ற மடுவில் மேய்ந்துகொண்டிருக்கும் மீனின் தலைமேல் விழும். அப்படிப்பட்ட இடத்தில் வீச்சைப் பக்கவாட்டில் திருப்பி நீரை உதறிவிட்டு, கடைசி வீச்சை மட்டும் மீன்மேல் செலுத்த வேண்டும். நீருக்கடியில் வாழும் இளம்பூச்சி போலக் கட்டிய, எடைகூடிய நிம்ஃப்களை ஆழத்தில் ஓடவிடும் முறைக்கு இது பயன்படாது; அதற்கு நீரைக் கிழித்துக்கொண்டு இறங்கும் மெல்லிய ஒற்றை இழையே வேண்டும். முள்ளின் நுனி திரிப்புக்குள் ஏறிக்கொண்டால் அதை உருவுவதும் எளிதல்ல. முறுக்கு திரும்பும் பக்கமாக லீடரை இரு விரல்களால் நெகிழ்த்தி, திறந்த இடைவெளி வழியாக முள்ளை வந்த வழியே தள்ளினால் நூல் அறுபடாமல் தப்பும். இழுத்தால் இரண்டு மூன்று இழைகள் போய்விடும்.

மூன்று எடை லைனுக்குத் திரிப்பவர்கள் 6/0க்குப் பதிலாக 8/0 நூலை எடுத்துக்கொண்டு, முளைகளையும் இழைக்கணக்கையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். டெனியர் என்ற நூல் எடையளவில் 6/0 ஏறத்தாழ 136, 8/0 ஏறத்தாழ 72 என்பதால் லீடரின் எடை பாதிக்குச் சற்று மேலாக வரும். மிகச் சிறிய ஃப்ளைகளுக்கும் மெல்லிய தடிக்கும் அது சரியாக இருக்கும். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் மட்டும் அதைப் பைக்குள் வைத்துவிட்டுப் பருமனானதையே மாட்டுகிறேன்.